கடப்புறம் என்று அச்சடித்த தாள்

எங்கள் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் கல்விச் சுற்றுலா என்றால் தண்ணீரில் சறுக்கி விழுவது. பதினொரு வருஷமாக அங்கே சமூக அறிவியல் நடத்துகிறேன். பத்து வருஷம் இதுதான் நடந்தது. காலையில் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். முன்பக்கம் பேனர் கட்டுவார்கள். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போவோம். போகிற வழியில் ஏதாவது ஒரு மியூசியம் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் இருபது நிமிஷம் நிற்பார்கள், அதிலும் பாதி நேரம் கழிப்பறை வரிசையில் போய்விடும். மிச்சப் பொழுது முழுவதும் தண்ணீர்ப் பூங்கா. ஆனால் பள்ளி ஆண்டு மலரில் மியூசியத்தின் வாசலில் எடுத்த படம் மட்டும்தான் வரும். நனைந்த தலையோடு ஒருவரையும் அதில் பார்க்க முடியாது.

இதற்கென்று ஒரு டிராவல்ஸ்காரர் உண்டு. வருஷா வருஷம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, எங்களுக்கு முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்த திட்டத்தை மேஜைமேல் விரிப்பார். ஒருமுறை நான், "மியூசியம் ஒண்ணுதானா?" என்று கேட்டேன்.

"கல்விக்கு அது போரும் டீச்சர். கூடுதல் வச்சா பிள்ளைகளுக்கு மடுத்துப் போவும்" என்றார்.

கல்வி கூடினால் பிள்ளைகளுக்குச் சலித்துப் போகும் என்று ஒரு மனிதர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து சொல்கிறார். சுற்றிலும் இருந்த ஆசிரியர்கள் முந்திரிக்கொத்தைக் கடித்தபடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அந்தத் தின்பண்டத்தைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது.

இப்படி நான் வருஷம் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில் பிரின்சிபாலுக்கு எரிச்சல் வந்துவிட்டது. போன வருஷம் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "டீச்சருக்கு எதைச் செய்தாலும் குறைதான். ஒன்பதாம் கிளாஸ் டூரை இந்தத் தடவை அவங்களே பிளான் பண்ணட்டும்" என்றார். நான் திணறுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். என் பைக்குள் திட்டம் தயாராக இருந்தது. காலையில் சிதறால் மலை. பாறையில் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்ப்பது. மதியத்துக்குமேல் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம்; ஆழ்கடல் மீன்பிடித் தொழிலைப் பற்றி அந்தத் தொழில் செய்கிறவர்களிடமே கேட்டு எழுதுவது. இரண்டும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, இரண்டும் பாடப்புத்தகத்தில் வருகின்றன.

கூட்டத்தில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பி.டி. சாருக்கு மலை ஏற வேண்டுமே என்று கவலை. அவர்தான் விளையாட்டு ஆசிரியர். இன்னொரு டீச்சர் மூக்கைச் சுருக்கி, "அய்யோ, மீன் நாத்தம்" என்றார். பெற்றோரின் வாட்ஸ்அப் குழு இன்னும் மோசம். "ஹைஜீன் எப்படி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "வீட்டுப் பின்னால கெடக்கிறதைப் பாக்குததுக்கு டூரா?" என்று இன்னொருவர். அந்த இன்னொருவரின் வீட்டிலிருந்து சிதறாலுக்கு அரைமணி நேரம்தான். அவர் ஒருநாளும் அங்கே போனதில்லை என்று அவர் மகனே எனக்குச் சொன்னான். ஹைஜீன் கேட்டவர் வீட்டில் தட்டில் ஒரு துண்டு மீன் இல்லையென்றால் யாருக்கும் சோறு இறங்காது. மீன் இறங்குகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப மட்டும் யோசனை. நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். சண்டை எனக்குப் பிடிக்கும், அதுவும் நான் சரி என்று எனக்கே உறுதியாக இருக்கும்போது.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி, வரைபடத்தில் ஆறுகளைப் போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும். அவள் அப்பா ஆழ்கடல் படகில் தொழிலுக்குப் போகிறவர், தேங்காய்ப்பட்டணத்தில் கரை அடைகிற படகு. மகள் படிக்கட்டும் என்று நாகர்கோவிலில் வாடகைக்கு வீடெடுத்து அம்மாவையும் மகளையும் குடிவைத்திருந்தார். வகுப்பில் இது யாருக்கும் தெரியாது. அப்பா கல்ஃபில் இருக்கிறார் என்று அவள் சொல்லியிருந்தாள். பாதிப் பேரின் அப்பாக்கள் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் யாரும் துருவிக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். சேர்க்கை அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆபீஸில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் அவரே தன் கையால் எழுதினார். அவள் ஏன் மறைத்தாள் என்றும் எனக்குத் தெரியும். வகுப்பில் யாராவது உரக்கப் பேசினால், "இது என்ன கடப்புறமா?" என்று மீனவர்களின் கடற்கரைக் குடியிருப்பைச் சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான் அதட்டுவார்கள். அவளுடைய அப்பாவின் தொழில் தெரிந்தால் அந்தக் கேலிக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும் என்பதை அவள் முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் துறைமுகத்தைத் திட்டத்தில் வைத்தேன். அப்பாவின் தொழில் ஒரு பாடமாக மரியாதையோடு நடத்தப்படுவதைப் பார்த்தால் அவளுக்குப் பெருமை வரும், தானே எழுந்து நின்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு நான் விடுதலை வாங்கிக் கொடுக்கப் போகிறேனாம். அவள் என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை.

பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். புத்தகத்தில் கடலோர மக்கள் என்று இருக்கும். அது எனக்குச் செத்த சொல்லாகப் பட்டது. மண்ணின் சொல் வேண்டும் என்று, தலைப்பில் பெரிய எழுத்தில் 'கடப்புற மக்களின் தொழிலும் வாழ்க்கையும்' என்று அச்சடித்தேன். நான் நாகர்கோவில்காரி. உள்நாட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சம்பள உத்தியோகம். எங்கள் வீட்டில் அந்தச் சொல் எந்தத் தொனியில் புழங்கியது என்பது எனக்கு மறக்கவில்லை. மீன் விற்க வந்த பெண் விலையில் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், அவள் தெருமுனை தாண்டுவதற்குள் எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்துவிடும். ஆனாலும் நல்ல தாளில், நல்ல நோக்கத்தோடு அச்சடித்தால் சுத்தமாகிவிடும் என்று நம்பினேன். கேள்விகளைப் பற்றிச் சொல்லவே கூசுகிறது. அவர்கள் உணவு என்ன, அவர்கள் பேச்சில் நீ கண்ட வேறுபாடு என்ன, அவர்கள் ஏன் உரத்துப் பேசுகிறார்கள், அவர்கள் தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களா. இப்படிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க்.

தாளைக் கொடுத்த அன்றே, பள்ளி விட்டதும் அவள் வந்து என் மேஜை அருகே நின்றாள்.

"டீச்சர், மலைக்கு மட்டும் போனா போராதா?"

"ஏன் பிள்ளே?"

"ஹார்பர் வேண்டாம் டீச்சர்."

நான் அவளை உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். எந்தத் தொழிலும் கேவலம் இல்லை, உன் அப்பா இல்லையென்றால் இந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மதியச் சாப்பாடு இல்லை, நீ தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், இன்னும் என்னவெல்லாமோ. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "எங்க வீட்டுக்கு வரணும்னா நானே கூட்டிட்டுப் போவேன் டீச்சர். இது வீட்டுக்கு வர்றது இல்லையே, பாக்க வர்றதுல்லா" என்றாள்.

 பதில் தெரியாதபோது ஆசிரியர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். கட்டாயம் எல்லோரும் வர வேண்டும், லீவு போட்டால் பிராஜெக்ட் மார்க் கிடையாது என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். பிரின்சிபாலின் பிடிவாதத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்தவள் நான்.

சுற்றுலா நாளும் வந்தது. சிதறாலில் என் பிள்ளைகள் தீர்த்தங்கரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கே அமைதியாக உட்கார்ந்திருப்பவர்கள் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். "ஏன் டீச்சர் டிரெஸ் போடல்ல?" என்று ஒருவன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். பி.டி. சார் மலையடிவாரத்திலேயே மரநிழலில் தங்கிவிட்டார், பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமாம். அதுவரைக்கும் என் கோபம் எல்லாம் மற்றவர்கள் மேல்தான் இருந்தது, சுகமாகவே இருந்தது.

பேருந்து துறைமுகத்தை நெருங்கியபோது பி.டி. சார் தன் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். கொரோனா காலத்தில் மிஞ்சிய நீல முகக்கவசங்கள். "நாத்தம் தாங்கமாட்டாங்கல்லா, பாவம் பிள்ளைய" என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. என் மூக்குக்கும் அது தேவைப்படும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதே உண்மை. நாற்பது பிள்ளைகள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையில் என் தாளோடு, மனிதர்கள் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் போய் இறங்கினார்கள். அவள் கண்ணுக்குக் கீழ்வரை கவசத்தை இழுத்துவிட்டிருந்தாள். அந்த முழுக் கூட்டத்தில் அது நிஜமாகவே தேவைப்பட்டது அவளுக்கு மட்டும்தான்.

அன்றைக்குப் பார்த்து அவள் அப்பாவின் படகு கரை அடைந்திருந்தது. சூரை மீன்களை இறக்கி முடித்துவிட்டு, நாலைந்து பேர் நிழலில் உட்கார்ந்து தூண்டில் கயிறுகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை ஆறேழு பேராகப் பிரித்திருந்தேன். அவளுடைய குழுவோடு நானே போனேன், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். அந்தக் குழுவின் லீடர் ஒரு டாக்டர் வீட்டுப் பையன், எதையும் யோசிக்காமல் செய்யக்கூடியவன். நேரே அந்த நிழலுக்கு நடந்தான். உட்கார்ந்திருந்தவர்களில் ஓரமாக இருந்தவரைப் பார்த்து, "அங்கிள், சின்ன இன்டர்வியூ" என்றான். அவர்தான் அவளுடைய அப்பா.

அவர் நிமிர்ந்தார். ஆறு முகங்களையும் பார்த்தார். ஐந்தாவது முகத்தில் கண் ஒரு கணம் நின்றது, பிறகு ஆறாவதுக்குப் போனது. பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "ஏலே, இது நம்ம..." என்று ஆரம்பித்தார். இவர் அவர் தொடைமேல் கையை வைத்து அழுத்தினார். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு கயிற்றை எடுத்தார்.

"கேளுங்க மக்கா" என்றார் அப்பா.

எத்தனை நாள் கடலில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். முப்பது நாள், சில நேரம் நாற்பது என்றார். சாப்பாடு? படகிலேயே பொங்குவோம் என்றார். பையன் அடுத்த கேள்வியைத் தாளைப் பார்த்து வாசித்தான். "நீங்க ஏன் சத்தமா பேசுறீங்க?"

அவர் அதுவரை பேசியது எவ்வளவு மெல்ல என்றால், அதைக் கேட்க ஆறு பிள்ளைகளும் குனிந்து நின்றிருந்தார்கள். "நான் இப்ப சத்தமாவா பேசினேன்?" என்று கேட்டார். பையன் விழித்தான். "அந்தத் தாளை இங்க காட்டு, பாப்போம்" என்று வாங்கி, தலைப்பை விரல் வைத்து வாசித்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை; என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "கடப்புறம்னா அந்தா தெரியுதுல்லா, அந்த மணலு. ஆளுக இருக்கிறது ஊரு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதையும் எழுதணுமா டீச்சர்?" என்று பையன் என்னைக் கேட்டான்.

"எழுதுங்க" என்றேன்.

அதோடு போதும் என்று நான் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருப்பது எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். வாயைத் திறப்பதற்குள் பையன் வாசித்துவிட்டான். "உங்க பிள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்புறீங்களா?"

"ஒரு மவ உண்டு. படிக்கா."

"எந்த ஸ்கூல்?"

அவர் கையிலிருந்த கயிற்றில் ஒரு சிக்கை எடுத்து முடித்தார். "இங்கதான். பக்கத்துல ஒரு கவர்மென்ட் ஸ்கூலு" என்றார்.

"எழுதிக்கோங்க" என்றான் பையன். ஆறு பேனாவும் எழுதின. அவளுடையதும் எழுதியது. நான் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புறப்படும்போது அவர், "வெயில்ல நிக்குதீங்களே, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். ஆறு பேரையும் பொதுவாகப் பார்த்துத்தான் கேட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் பாட்டுப் போட்டு ஆடினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எல்லாம் எழுதினியா?" என்று கேட்டேன். இத்தனைக்குப் பிறகும் என் வாயில் வந்தது அதுதான். "எழுதிட்டேன் டீச்சர்" என்றாள். அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

சுற்றுலா மகத்தான வெற்றி என்று பிரின்சிபால் அறிவித்தார். துறைமுகத்தில் பி.டி. சார் எடுத்த படத்தில் எல்லோரும் நீலக் கவசத்தோடு கட்டைவிரலை உயர்த்தி நிற்கிறார்கள். அது ஆண்டு மலரில் முழுப்பக்கம் வந்தது. விடைத்தாள்களை வராந்தாவில் ஒட்டிவைத்தார்கள். ஒட்டும் முன் ஒவ்வொரு தாளிலும் தலைப்பின் முதல் சொல்மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை ஒட்டி, 'கடலோர' என்று கையால் எழுதினேன். நாற்பது தாள், ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. அவளுடைய தாளும் அங்கே தொங்கியது. மற்ற பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் பயந்தது நடக்கவில்லை. அதை நடக்கவிடாமல் செய்ய ஒரு தகப்பன் தன் மகளை யாரோ என்று பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு அந்த வேலையை வைத்தவள் நான்.

இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. பிறகு ஒருநாள் மதிய இடைவேளையில், பதிவேட்டைப் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். நல்லவேளை அவர் இன்னும் கடலுக்குப் போயிருக்கவில்லை.

நான் யார் என்று சொன்னதும், "பிள்ளைக்கு என்னமும் உண்டா டீச்சரே?" என்று பதறினார்.

"இல்ல, அவ நல்லா இருக்கா. அன்னைக்கு ஹார்பர்ல நடந்தது பத்தி..." என்று தொடங்கினேன்.

"நானும் அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடணும்னு நெனச்சேன், பேசக் கூச்சமா இருந்துது" என்றார். "அன்னைக்குன்னு பாத்து எங்க போட்டு கரை அடைஞ்சுது டீச்சரே. இல்லைன்னா நான் அங்க நின்னிருக்க மாட்டேன். நீங்க வரப்போறதை அவ முன்னமே வீட்டுல சொல்லியிருந்தா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஸ்கூலை நான் மாத்திச் சொல்லிட்டேன். அவ அதை அப்படியே எழுதியிருப்பா. அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமுல்லா. அதுக்கு அவளுக்கு மார்க்கு கொறைச்சிருவியளா?"

எழுதிவைத்த தாள் என் கையில்தான் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை.

"இல்லைங்க. முழு மார்க் போட்டிருக்கேன்" என்றேன்.

"செரி டீச்சரே, அது போரும். ரொம்ப நன்றி" என்று அவர் போனை வைத்துவிட்டார்.